மலை மெட்டு ஏறும் குடும்பத்துக்கு எந்தக் கார்? பெரிய தொகை போட்டு வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த வருடத்தில் போடியிலும் கம்பத்திலும் கார் பற்றிய விசாரணைகள் கூடிவிடும். தோட்டம் வைத்திருப்பவர், கமிஷன் கடைக்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளை என்று பலரும் முதல்முறையாக இருபது லட்சத்துக்கு மேல் போட்டு ஒரு வண்டி வாங்க நினைக்கிறார்கள். இன்னோவா மாதிரி ஒரு குடும்ப வண்டியை எடுப்பதா, இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி பி.எம்.டபிள்யூ, பென்ஸ், ஆடி என்று போய்விடுவதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. புதிது கட்டுப்படியாகாவிட்டால், ஐந்தாறு வருடம் ஓடிய சொகுசு கார் ஒன்று கொச்சியில் புது இன்னோவாவின் விலைக்கே கிடைக்கிறதே என்ற ஆசையும் உடன் வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்திலோ, மேலே குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமோ குடியிருந்து, வீட்டுக்கு ஒரே கார் வைத்துக்கொள்ளும் குடும்பம் குடும்ப வண்டியைத்தான் எடுக்க வேண்டும். சொகுசு கார்களின் பொறியியல்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவை எதிர்பார்க்கிற சாலையும் பராமரிப்பு வசதியும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை. இந்த முடிவுக்கு நீங்களே வந்து சேரவோ, உங்கள் நிலைமை வேறு என்றால் தெளிவோடு மறுக்கவோ, கீழே உள்ள வரிசையில் யோசித்துப் பாருங்கள்.

1. ஒரு மாதத்து ஓட்டத்தை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில், வீட்டு வண்டி மாதத்தில் எங்கெல்லாம் போகும், யார் யார் ஏறுவார்கள் என்று எழுதுங்கள். கம்பத்துக் குடும்பம் ஒன்றின் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: வாரத்தில் சில நாள் மேலே தோட்டத்துக்கு, பிள்ளைகளின் படிப்புக்காகத் தேனிக்கு, அம்மாவை மருத்துவரிடம் காட்ட மதுரைக்கு, முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு. இந்தப் பயணங்களில் நால்வர் மட்டும் போவது அபூர்வம். கடைசி நேரத்தில் அத்தையும் அவர் பேத்தியும் ஏறிக்கொள்வார்கள். திரும்பும்போது வாழைத்தாரும் தேங்காய் மூட்டையும் சேர்ந்துகொள்ளும்.

பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், பென்ஸ் சி-கிளாஸ் போன்ற செடான்களில் கணக்குக்கு ஐந்து இருக்கைகள் உண்டு. ஆனால் இன்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு நடுவில் ஓடுவதால், பின்சீட்டின் முன்னால் தரையில் உயரமான மேடு இருக்கும். நடுவில் உட்காருபவர் காலை இரண்டு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டு மதுரை வரை போக வேண்டும். இன்னொன்று, இருக்கை தாழ்வானது. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் அதில் இறங்கி உட்கார்ந்து, பிறகு கையை ஊன்றி எழ வேண்டும். வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர் இருந்தால், வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்த ஏறி இறங்கல் அதிகம் சொல்லிவிடும்.

ஏழு இருக்கை வண்டி எடுப்பவர்கள் மூன்றாவது வரிசையையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். மாருதி எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் மிஞ்சும் இடம் 209 லிட்டர்தான். இரண்டு பெட்டிகள் வைத்தால் நிறைந்துவிடும். ஏழு பேரும் சாமான்களும் அடிக்கடி சேர்ந்து போகும் குடும்பம் என்றால் இன்னோவா அளவுக்குப் போவதே நியாயம். ஐந்து பேர்தான், எப்போதாவதுதான் கூட்டம் என்றால் கிரெட்டா போன்ற ஐந்து இருக்கை வண்டி போதும். கூட்டம் சேரும் நாளில் ஒரு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். வருடத்தில் பத்து நாளுக்காக முந்நூற்றைம்பது நாள் பெரிய வண்டியைச் சந்துகளில் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2. சாலையை வண்டியோடு பொருத்திப் பாருங்கள்

போடியிலிருந்து மூணாறு போகும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், போடிமெட்டு ஏறுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் 183-ஆம் எண் சாலையும், கம்பமெட்டுச் சாலையும் வளைவுகளுக்குக் குறைந்தவை அல்ல. இவையாவது தார்ச்சாலை. அங்கிருந்து பிரிந்து ஏலத் தோட்டத்துக்குள் போகும் பாதைதான் வண்டியின் உண்மையான சோதனைக்களம். கல்லும் மழையில் அரிபட்ட பள்ளமும் நிறைந்த அந்தப் பாதையில் ஜீப் போவதற்குக் காரணம் இருக்கிறது.

இங்கே மூன்று அளவுகளைக் கவனியுங்கள். முதலாவது, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியின் அளவு. ஐந்து பேர் ஏறிச் சாமானும் வைத்தால் வண்டி இறங்கிவிடும்.

இரண்டாவது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம். 2021-ல் இந்தியாவுக்கு வந்த நீளமான 3 சீரிஸில் இது 2,961 மில்லிமீட்டர். இன்னோவா ஹைகிராஸில் 2,850. கிரெட்டாவில் 2,610. தூரம் கூடக்கூட, வேகத்தடையின் உச்சியில் வண்டியின் நடுவயிறு உரசும் வாய்ப்பும் கூடும். பின்சீட்டில் காலை நீட்டி உட்காரக் கிடைக்கும் சுகத்துக்கு நம் ஊர் வேகத்தடையில் கொடுக்கும் விலை அது. இன்னோவாவையும் இந்த இடத்தில் சும்மா விட முடியாது. ஹைகிராஸின் அகலம் 1,850 மில்லிமீட்டர். ஒற்றை வண்டி போகும் தோட்டப் பாதையில் எதிரே ஜீப் வந்தால் ஒதுங்குவது சிரமம். தோட்டத்துக்கே அதிகம் போகிறவர் சிறிய வண்டியை எடுப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது அளவு டயரின் பக்கவாட்டு உயரம். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்தைக் காப்பாற்றுவது இதுதான். டயரில் 205/65 ஆர்16 என்று எழுதியிருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவீதம், அதாவது ஏறக்குறைய 133 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம். 225/45 ஆர்18 என்றால் 101 மில்லிமீட்டர்தான். ரப்பர் குறைந்த டயர் கூர்மையான குழியில் விழுந்தால் டயர் வீங்கும், அல்லது அலாய் சக்கரம் வளையும். குடும்ப வண்டிகளிலும் இதைப் பார்க்கத்தான் வேண்டும். ஹைகிராஸின் இடைநிலை ரகங்களில் 205/65 ஆர்16 டயர் வருகிறது. உச்ச ரகத்தில் 225/50 ஆர்18, அதன் உயரம் 112 மில்லிமீட்டர். மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு 16 அங்குலச் சக்கரம்தான் நல்லது, விலையும் குறைவு.

பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் வருகின்றன, ஸ்டெப்னி கிடையாது. காற்று இறங்கியபின் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம் என்பதுதான் இவ்வகை டயர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. கம்பத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். வத்தலக்குண்டு பக்கம் சுற்றினாலும் கணக்கு இடிக்கும். அந்த அளவு டயர் நம் ஊர்க் கடையில் தயாராக இருக்காது. சாதாரண டயரும் டிக்கியில் ஒரு ஸ்டெப்னியும் இருந்தால், லோயர் கேம்ப் வளைவில் இரவு பத்து மணிக்குப் பஞ்சரானாலும் கால் மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

3. இன்ஜினும் கியரும்

ஏற்றத்தில் சொகுசு கார்களின் டர்போ இன்ஜின்கள் உற்சாகமாக இழுக்கும், அதை மறுப்பதற்கில்லை. டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜின் உயரம் ஏறஏறக் களைக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவதால் விசையும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதன்மேல் ஏழு பேர், ஏ.சி., சாமான் எல்லாம் சேர்ந்தால், ஒன்றரை லிட்டர் இன்ஜின் கொண்ட ஏழு இருக்கை வண்டி இரண்டாவது கியரிலேயே ஊர வேண்டியிருக்கும். ஆகவே ஒத்திகை ஓட்டத்தைத் தேனி புறவழிச்சாலையில் முடித்துவிடாதீர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குமுளி ஏற்றத்தில் ஓட்டித்தான் முடிவெடுப்பேன் என்று சொல்லுங்கள். மறுக்கும் ஷோரூமை விட்டு வேறு ஷோரூமுக்குப் போங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முக்கியம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குவதுதான் நம் பக்கத்து ஜீப் ஓட்டுநர்களின் பாடம். ஆட்டோமேட்டிக் எடுப்பவர்கள், கியரைத் தாமே குறைத்துப் பிடிக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்போ, கியர்க் கம்பியில் கையியக்க வசதியோ இருக்கிறதா என்று பாருங்கள்.  சாதாரண கியர்பெட்டியையே தானாக மாறும்படி செய்த மலிவான ஏ.எம்.டி. கியர் ஏற்றத்தில் மாறும்போது ஒரு கணம் இழுவை நின்று போவதை உணர்வீர்கள். கொண்டை ஊசி வளைவில் அந்தக் கணம் நீளமானது. ஏ.எம்.டி.யை மலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

டீசல் பற்றி ஒரு சொல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. நீண்ட சாலையில் சீராக ஓடும்போதுதான் அது சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். மதுரை, கோட்டயம் என்று அடிக்கடி போகிறவர் டீசல் எடுக்கலாம். ஊருக்குள் சுற்றுகிறவருக்குப் பெட்ரோல், அல்லது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். ஹைபிரிட் பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. டொயோட்டா அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது.

4. பட்டறை எவ்வளவு தூரம்?

மாருதி, ஹூண்டாய், மகிந்திரா போன்ற நிறுவனங்களுக்குத் தேனியிலேயே சர்வீஸ் வசதி உண்டு. இவற்றின் வேலை தெரிந்த தனி மெக்கானிக்குகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிரேக் பேட், வடிகட்டி, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் உதிரிபாகக் கடையில் அன்றே கிடைக்கும். சொகுசு கார் என்றால் மதுரை, கோவை, கொச்சி என்றுதான் கிளம்ப வேண்டும். பாகம் கையிருப்பில் இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும், நீங்கள் பஸ்ஸில் திரும்பி வருவீர்கள். ஏல அறுவடை நேரத்தில் வண்டியில்லாமல் ஒரு வாரம் கழிவது என்ன என்று தோட்டக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எந்த வண்டியானாலும் ஷோரூமில் சில பாகங்களின் விலையை எழுத்தில் கேளுங்கள்: முன் விண்ட்ஷீல்டு, ஒரு பக்கத்து முகப்பு விளக்கு, முன் பம்பர், நான்கு டயர்கள், முன் பிரேக் டிஸ்க், பேட்டரி. மலைப்பாதையில் முதலில் அடிவாங்குபவை இவை. இரண்டு வண்டிகளின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருடைய குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

5. ஐந்து வருடக் கணக்கு

எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023-ல் உயர்த்தப்பட்ட ஆயுள் வரியின்படி, 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 19 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 3 லட்சத்து 42 ஆயிரம். 50 லட்ச ரூபாய் வண்டிக்கு 10 லட்சம். வரிக்கு மட்டும் கொடுக்கும் அந்தப் பத்து லட்சத்தில் ஒரு சிறிய காரே வாங்கிவிடலாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மதிப்பு இறக்கம். காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் வழக்கமான அட்டவணையை எடுத்துக்கொள்வோம்: முதல் ஆண்டு முடிவில் 15 சதவீதம் கழிவு, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. இதன்படி 50 லட்சம் வண்டி ஐந்தாண்டில் 25 லட்சத்தை இழக்கிறது, 19 லட்சம் வண்டி ஒன்பதரை லட்சத்தை. சந்தையில் நல்ல நிலையில் உள்ள இன்னோவா இதைவிட அதிக விலைக்குப் போகும், சொகுசு செடான் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகப் போகும். எனவே உண்மையான இடைவெளி இன்னும் பெரியது.

இந்தப் பள்ளத்தாக்கின் வருமானம் ஏறி இறங்கும் இயல்புடையது என்பதையும் மறக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் வண்டன்மேடு ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. தவணையும் சர்வீஸ் பில்லும் ஏலக்காய் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. விலை சரிந்த வருடத்திலும் முகம் சுளிக்காமல் கட்டக்கூடிய தவணைதான் உங்கள் தவணை. உச்ச விலை கிடைத்த வருடத்தின் வருமானத்தைக் காட்டி வங்கி எவ்வளவு கடன் தரத் தயாராக இருந்தாலும், அந்தத் தொகையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. பாதுகாப்பை முத்திரையில் தேடாதீர்கள்

சொகுசு கார் வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மதிக்கத்தக்கது பாதுகாப்புதான். ஆனால் அது இப்போது அவற்றின் தனிச்சொத்து அல்ல. மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700 குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் 2021-லேயே ஐந்து நட்சத்திரம் பெற்றது. டாடா ஹேரியர், சஃபாரி இரண்டும் 2023-ல் பெற்றன. அதே 2023-ல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்.சி.ஏ.பி. சோதனை தொடங்கியது. இன்னோவா ஹைகிராஸ் அதில் 2025-ல் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

மலிவான ஏழு இருக்கை எல்லாமே இப்படி என்று நம்பிவிடவும் கூடாது. ஆப்பிரிக்கச் சந்தைக்கான எர்டிகாவை குளோபல் என்.சி.ஏ.பி. 2024-ல் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரே நட்சத்திரம்தான் கிடைத்தது. நீங்கள் பார்க்கும் மாதிரியின் சோதனை முடிவைப் பெயரும் ஆண்டும் பார்த்துத் தேடிப் படியுங்கள். பெரியவர்களுக்கான மதிப்பெண்ணும் குழந்தைகளுக்கான மதிப்பெண்ணும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். பிறகு ஷோரூமில் பின்வரிசைகளில் நீங்களே உட்கார்ந்து, எல்லா இருக்கைக்கும் தோளுக்குக் குறுக்கே வரும் பெல்ட் இருக்கிறதா, தலைத்தாங்கி உங்கள் தலையின் உயரத்துக்கு எழுகிறதா என்று சரிபாருங்கள். பின்னால் உட்கார்ந்து பெல்ட் போடாத குடும்பத்தை எந்த நட்சத்திரமும் காப்பாற்றாது. இதைச் சொல்லிச் சொல்லியும் நம் பக்கத்தில் பழக்கமாகவில்லை என்பது எனக்கு உண்மையான வேதனை.

7. பழைய சொகுசு காரின் ஆசை

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். ஏழு வருடம் ஓடிய சொகுசு கார் பாதிக்கும் குறைவான விலைக்கு வருகிறது. ஆனால் அதன் டயர், பிரேக், கியர்பெட்டி எண்ணெய், சென்சார், கூலன்ட் குழாய் எல்லாம் இன்னும் ஐம்பது லட்ச ரூபாய் காரின் விலையில்தான் விற்கின்றன. வண்டி மலிவானதே தவிரப் பாகங்கள் மலிவாகவில்லை. முதல் உரிமையாளர் அதை விற்பதற்கும், பெரும்பாலும் உத்தரவாதம் முடிவதற்கும் பெரிய செலவு வருவதற்கும் ஒரு பொருத்தம் இருக்கும்.

அப்படியும் ஒன்றைப் பார்க்கப் போனால், அது வெள்ளத்தில் நின்றதா என்பதை முதலில் பாருங்கள். 2018, 2019 ஆண்டுகளில் கேரளத்தில் வந்த வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின, 2015-ல் சென்னையிலும் அப்படியே. இருக்கை பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்று நிறக் கோடு இருந்தால் அங்கே வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. இருக்கையின் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், தரைவிரிப்பைத் தூக்கினால் முடைநாற்றம், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் படிவு ஆகியவை மற்ற அடையாளங்கள். பளபளவென்று கழுவி, வாசனை தெளித்து நிறுத்தியிருந்தால் இன்னும் கவனமாக முகர்ந்து பாருங்கள்.

அடுத்து, அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் முழு வரலாற்றையும் கேளுங்கள். விற்பவரின் சம்மதத்தோடு அங்கேயே கம்ப்யூட்டர் ஸ்கேனும் லிஃப்டில் ஏற்றிய பரிசோதனையும் செய்யுங்கள். செலவாகும், பரவாயில்லை. அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம்.

மூன்றாவது, பதிவின் வேர். வரியைத் தவிர்க்கப் பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிவு செய்யப்பட்ட சொகுசு கார்கள் பற்றி 2017-ல் கேரளத்தில் பெரும் சர்ச்சை எழுந்து வழக்குகள் பதிவாகின. பூட்டானிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட விலையுயர்ந்த வண்டிகளைத் தேடி 2025 செப்டம்பரில் கொச்சிச் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்திப் பல வண்டிகளைப் பறிமுதல் செய்தது. கைமாறிய கடைசி ஆள் நீங்கள் என்றால் வண்டி உங்கள் வாசலிலிருந்துதான் போகும். முதல் பதிவு எங்கே, எத்தனை மாநிலம் மாறியது, ஆர்.சி.யில் உள்ள முதல் முகவரி உண்மையானதா என்று விசாரியுங்கள்.

8. எல்லை தாண்டிய பதிவு

கே.எல். என்று தொடங்கும் கேரளப் பதிவு எண்ணுள்ள வண்டியை வாங்கித் தமிழ்நாட்டில் வைத்துக்கொள்பவர் செய்ய வேண்டியவை இவை. விற்பவரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கு வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அபராதங்கள் நிலுவை இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து, பணம் கொடுக்கும் முன்பே விற்பவரைக் கட்டச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். வாங்கும்போது வண்டியின் வயதுக்கேற்ப இங்கே வரி கட்ட வேண்டும். சொகுசு காருக்கு அதுவே பெரிய தொகை. விலை பேசும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வீடு கம்பத்தில், தோட்டம் வண்டன்மேட்டில் என்று இருப்பவர்கள் எந்த மாநிலத்தில் பதிவு செய்வது என்று கேட்பதுண்டு. வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தி வைக்கப்படுகிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். வரி வித்தியாசத்துக்காக உறவினர் முகவரியைக் கொடுக்காதீர்கள்.

9. யாருக்குச் சொகுசு கார் பொருந்தும்?

மதுரையிலோ கொச்சியிலோ குடியிருந்து, மலைக்கு வேறு வண்டி வைத்திருந்து, ஓட்டும் இன்பத்துக்காகவே கைப்பணத்தில் வாங்குகிறவருக்கு அது பொருந்தும். அவர்களிடம் வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஓட்டும் இன்பம் வேண்டும், பணமும் மிஞ்ச வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியவற்றின் ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜின் 150 குதிரைத் திறன் தருகிறது. இரண்டும் 2023-ல் குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஸ்கோடாவும் ஆடியும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பிள்ளைகள்தான். தாழ்வான இருக்கை என்ற குறை இவற்றிலும் உண்டு, ஆகவே பாட்டி ஏறிப் பார்க்கும் சோதனையை இங்கும் விடாதீர்கள்.

10. காப்பீடும் டெலிவரியும்

காப்பீட்டை ஷோரூம்காரர் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்திட்டு வாங்காதீர்கள், வெளியிலும் விலை கேளுங்கள். சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் கிடைக்கும். அதைத் தவிர்க்கத் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு எடுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரணக் காப்பீடு பொதுவாகக் கொடுக்காது. இடுக்கி மழையில் ஓட்டும் வண்டிக்கு இன்ஜின் காப்பு கட்டாயம் என்றே சொல்வேன். அது இருந்தாலும், நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பழைய வண்டியை விற்றுப் புதிது வாங்குகிறவர்கள் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி, பற்றிய சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடி வண்டிக்கல்ல, உரிமையாளருக்கு உரியது. அதிகபட்சம் 50 சதவீதம் வரை இருக்கும்.

சபரிமலை சீசனில் ஏழு இருக்கை வண்டி வைத்திருப்பவரிடம் வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வருவார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியைக் கூலிக்கு விடுவது சட்டவிரோதம். விபத்து நடந்தால் காப்பீடு மறுக்கப்படும், பெரிய இழப்பீடு உங்கள் தலையில் விழும். எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் விடாதீர்கள்.

டெலிவரிக்கு முன், பதிவு எண் விழுவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் வண்டியை நேரில் பாருங்கள். பதிவான பிறகு மாற்றிக் கேட்பது மிகக் கடினம். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2325 என்றால் 2025-ன் 23-ஆவது வாரம். ஐந்து டயர்களிலும் பாருங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறிகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா, பெயிண்ட் எங்காவது நிறம் மாறித் தெரிகிறதா, அடிச்சட்ட எண் விலைப்பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசியாக டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் சக்கரச் சாவியையும் கையில் எடுத்து, ஒரு சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்கிப் பாருங்கள். வண்டி ஓட்டப்போகும் வீட்டார் ஒவ்வொருவரும், பெண்கள் உட்பட, அதை அங்கேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளட்டும்.